தஸ்புலாக்கில் இரண்டு இரவு

அக்போதா: ...இல்ல அண்ணி, நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. முதல்ல அல்மாத்தி. ரெண்டு நாள் ஊரைச் சுத்துறீங்க. அப்புறம் ஒரே ஒரு ராத்திரி திராட்சைத் தோட்டம். எங்க டூர் ஆபீஸுக்கு வர்ற எல்லா ஜோடியும் அப்படித்தான் போறாங்க.

ஜவுரேஷ்: எல்லா ஜோடியும் எப்படியோ போகட்டும். எங்களுக்குத் தோட்டம்தான் முதல்ல. ரெண்டு ராத்திரி. அப்புறம் ஊரு.

கைருல்லா: போனைக் கொஞ்சம் தள்ளி வை, ஜவுரேஷ். டீ சிந்திடும்.

அக்போதா: அண்ணா, நீங்களாவது சொல்லுங்க. கரகந்தாவுலேருந்து விடிய விடிய ரயில்ல வந்துட்டு, இறங்கின கையோட மறுபடி கார்ல மலைப்பக்கம்... இடுப்பு என்னத்துக்கு ஆகும்?

கைருல்லா: இன்ஜின் ஓட்டுறவனோட இடுப்புக்கு நீ ஏன் கவலைப்படறே? அது எப்பவோ இரும்பாயிடுச்சு.

அக்போதா: நான் அண்ணி இடுப்பைச் சொன்னேன்.

ஜவுரேஷ்: என் இடுப்பு நல்லாத்தான் இருக்கு. மேல சொல்லு.

அக்போதா: சரி. அல்மாத்தியில என்னென்னன்னு சொல்லிடறேன். முதல் நாள் கேபிள் கார். மேலேருந்து மொத்த ஊரும் தெரியும். சாயங்காலம் ஆபெரா, பாட்டு நாடகம்...

ஜவுரேஷ்: ஆபெராவா? இவரு தூங்கிடுவாரு.

கைருல்லா: மெத்தை நாற்காலி போட்டு விளக்கை அணைச்சா யாருதான் தூங்க மாட்டாங்க.

அக்போதா: மறுநாள் காலையில பச்சை பஜார். காஸி, உலர்ந்த பழம், அம்மாவுக்குக் கம்பளி மேலாடை...

ஜவுரேஷ்: குதிரைக்கறி வாங்கவா நான் அவ்வளவு தூரம் வர்றேன்? அது நம்ம தெருவுலயே தொங்குது. அக்போதா, எனக்குத் தோட்டம் வேணும். திராட்சைக் கொடி, பீப்பாய், நிலவறை. காலையில எழுந்து கதவைத் திறந்தா பனிமலை. ரெண்டு பேரும் உக்காந்து... என்ன பண்ணுவாங்க அங்க?

அக்போதா: ஒயின் ருசி பாப்பாங்க. முதல்ல கிளாஸைத் தூக்கி நிறத்தைப் பாக்கணும். அப்புறம் மூக்கை உள்ள விட்டு மோந்து பாக்கணும். அப்புறம் ஒரு வாய் எடுத்து, நாக்குல உருட்டி...

கைருல்லா: கொப்புளிச்சுத் துப்பணுமா?

அக்போதா: சில பேரு துப்புவாங்க.

கைருல்லா: துப்பறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? பல் டாக்டர்கிட்டப் போனா இங்கயே துப்பலாம்.

ஜவுரேஷ்: பாத்தியா? இவரு என்னை வெளியில கூட்டிட்டுப் போன ஒரே இடம் அந்தப் பல் டாக்டர்தான்.

கைருல்லா: ஏன், பல்காஷ் ஏரிக்குப் போகல?

ஜவுரேஷ்: போனோம். நீங்க, நான், அத்தை, மாமா, நம்ம பையன் தெமிர், அக்போதா, ஒரு தர்பூசணி. தர்பூசணி என் மடியில. அதுல ஜோடின்னா நானும் தர்பூசணியும்தான்.

அக்போதா: (சிரிப்பு) அதனாலதான் சொல்றேன். இருபத்தஞ்சு வருஷத்துல அண்ணா முதல் தடவையா அவராவே வாய் திறந்து, 'எங்கயாவது போகலாம், திராட்சை பழுக்கற சமயம்'னு சொல்லியிருக்காரு. ஒழுங்கா நடக்க வேணாமா? துர்கென் பக்கம் ஒரு தோட்டம் இருக்கு. வெள்ளை மாடம், ஊஞ்சல், பக்கத்துலயே அருவி. அதைப் பதிவு பண்ணிடறேன்.

ஜவுரேஷ்: தஸ்புலாக்.

அக்போதா: ...அருவி இருக்கு அண்ணி.

ஜவுரேஷ்: அருவி இருக்கட்டும். எனக்குத் தஸ்புலாக்.

அக்போதா: அங்க ஒண்ணும் இல்ல. அறை ரெண்டே ரெண்டு. ஈரம் வேற. முற்றத்துல நாய் கட்டியிருக்கும்.

ஜவுரேஷ்: கட்டித்தானே இருக்கும்?

அக்போதா: சில நேரம் அவிழ்த்து விடுவாங்க. ஒயினும் புளிப்பு.

ஜவுரேஷ்: சர்க்கரை போட்டுக் குடிச்சுக்கறேன்.

அக்போதா: ஐயோ அண்ணி, அதை மட்டும் அங்க போய்ச் சொல்லிடாதீங்க!

ஜவுரேஷ்: போன வருஷம் நீதானே படம் அனுப்பினே? பெரிய வால்நட் மரம், அடியில மேஜை. 'அண்ணி, இந்த மேஜையில ஒரு நாள் உங்களை உக்கார வைக்கணும்'னு சொன்னே. நாய் புளிப்பு எல்லாம் அப்ப இல்லையா?

அக்போதா: அது... போன வருஷம்.

ஜவுரேஷ்: மரத்தை வெட்டிட்டாங்களா?

அக்போதா: இல்ல...

ஜவுரேஷ்: அப்ப மேஜையும் இருக்கும்.

அக்போதா: அண்ணா, ஏதாவது பேசுங்களேன்.

கைருல்லா: அவ ஆசைப்படறா. எங்கன்னாலும் எனக்குச் சரி.

அக்போதா: ...அம்மா எங்க? பக்கத்துல இல்லையே?

கைருல்லா: கீழ் வீட்டு நீனா பெத்ரோவ்னாவோட லோட்டோ ஆடப் போயிருக்கா. கத்தறது மாடிப்படி வரைக்கும் கேக்குது. ஜெயிக்கறா போல.

அக்போதா: அம்மாகிட்ட ஒயின்னு சொல்லிடாதீங்க. சானடோரியம் போறோம், முட்டிக்குச் சேத்துக் குளியல்னு சொல்லுங்க.

கைருல்லா: சேத்துக் குளியல்னா எனக்கும் முட்டி வலிக்குதேன்னு பெட்டியைத் தூக்கிட்டு அவளும் கிளம்பிடுவா.

அக்போதா: இருங்க... ஆபீஸுக்கு யாரோ ஆள் வந்திருக்காங்க. அப்புறம் கூப்பிடறேன். துர்கென்தான். நான் பதிவு பண்ணப் போறேன்.

ஜவுரேஷ்: அக்போதா...

கைருல்லா: வச்சுட்டா.

ஜவுரேஷ்: ஆள் ஒண்ணும் வரல. பொய்.

கைருல்லா: உனக்கு எப்படித் தெரியும்?

ஜவுரேஷ்: பொய் சொல்றப்ப மூச்சை உள்ள இழுத்துட்டுப் பேசுவா. சின்னதுலேருந்தே.

கைருல்லா: ம்...

ஜவுரேஷ்: ஏன் அந்தத் தோட்டமே வேணும்னு நிக்கறேன்னு கேக்க மாட்டீங்களா?

கைருல்லா: நீயே சொல்வேன்னு இருந்தேன்.

ஜவுரேஷ்: கேக்காமலே இருந்துடுவீங்க நீங்க. கேட்டா பதில் வந்துடுமேன்னு.

கைருல்லா: சரி, கேக்கறேன். ஏன்?

ஜவுரேஷ்: தஸ்புலாக் தோட்டக்காரர் பேரு தோலேகன். அவருக்கு ஒரு பையன், சன்ஜார். அவனும் அக்போதாவும் கல்யாணம் பண்ணிக்கறதா இருந்தாங்க. அவ ஆபீஸ்லேருந்து அந்தத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பி அனுப்பிப் பழக்கம். கோடையில அவங்க வீட்டுப் பொம்பளைங்க வந்து இவளுக்குத் தோடு போட்டு நிச்சயம் பண்றதா பேச்சு. அத்தைகிட்ட சொல்லிக் கேக்கணும்னு இருந்திருக்கா. அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

கைருல்லா: இதெல்லாம் அவளா சொன்னாளா?

ஜவுரேஷ்: அவளா? ஜூன்ல வந்து ஒரு வாரம் இங்க இருந்தாளே, நீங்க பாக்கல? தட்டுல சோத்தை ஒதுக்கி ஒதுக்கி வச்சுட்டு, 'வயிறு நிறைஞ்சுடுச்சு அண்ணி'ன்னா. அவ போனதும் அந்தப் பையன் எனக்குப் போன் பண்ணான். 'நீங்கதான் அண்ணி, அவங்க அம்மாகிட்ட எப்படியாவது பேசணும்'னான். அழுதுட்டே பேசினான். ஆம்பளைப் பையன்.

கைருல்லா: என்ன தடையாம்?

ஜவுரேஷ்: ஏழு பாட்டன். வேற என்ன? தோலேகன் இவளைக் கூப்பிட்டு உக்கார வச்சு, 'உன் ஏழு பாட்டன் பேரைச் சொல்லும்மா'ன்னு கேட்டிருக்காரு. எந்த வீட்லயும் கேக்கறதுதானே. இவ மளமளன்னு சொன்னா. ஏழாவது பேரு போரன்பை. அவங்க வம்சத்துலயும் எட்டாவது ஆளு அதே போரன்பை.

கைருல்லா: ம்...

ஜவுரேஷ்: 'ஏழு தலைமுறை தாண்டல. நீயும் என் பையனும் பங்காளி. அண்ணன் தங்கச்சி முறை ஆகுது. நீ நல்ல பொண்ணு, ஆனா இந்தப் பேச்சு இதோட சரி'ன்னுட்டாரு.

கைருல்லா: ஏழுக்குள்ள யாரும் கட்ட மாட்டாங்க. அவரைத் தப்பு சொல்ல முடியாது.

ஜவுரேஷ்: நானும் சொல்லல. போன்ல பையன் பேர் பேராச் சொல்லிட்டே வந்தான். போரன்பையில ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரா இறங்கி... உங்க தாத்தா, அப்புறம் உங்க அப்பா முகான், அப்புறம் அக்போதா.

கைருல்லா: ...

ஜவுரேஷ்: கேட்டீங்களா? முகான். அப்புறம் அக்போதா.

கைருல்லா: கேட்டேன்.

ஜவுரேஷ்: நடுவுல ஒரு பேரு இல்ல.

கைருல்லா: ...

ஜவுரேஷ்: உங்க பேரு இல்ல.

கைருல்லா: ஜவுரேஷ்...

ஜவுரேஷ்: உங்க பேரைச் சேத்தா இவ பக்கமும் போரன்பை எட்டாவது ஆளு. ஏழு தாண்டிடுச்சு. பங்காளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைக்கே தோடு போடலாம். ஒரு பேரு! ஒரே ஒரு பேரு குறையுதுன்னு அந்தப் பொண்ணு அங்க ஒண்டியா உக்காந்து மத்த ஜோடிங்களுக்கு அருவியும் ஊஞ்சலும் பதிவு பண்ணிட்டு இருக்கா.

கைருல்லா: பேப்பர்லயும் அப்பா பேருதானே. முகான் மகள்.

ஜவுரேஷ்: பேப்பர்ல எழுதினது நீங்க. நாப்பதாம் நாள் குளிப்பாட்டி, உங்க அம்மா மடியில வச்சதும் நீங்க.

கைருல்லா: வச்சோம். மூத்த பிள்ளையைப் பெரியவங்க எடுத்துத் தங்கள் பிள்ளையா வளக்கறது நம்மள்ல இல்லாததா? எங்க பெரியப்பா வீட்ல இல்லையா? உங்க அக்கா வீட்ல இல்லையா?

ஜவுரேஷ்: இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே. குடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னேனா? அத்தை நல்லாத்தான் வளத்தாங்க. எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தப்ப முட்டைக்கோஸ் இலை வச்சுக் கட்டிவிட்டது அவங்கதான். கட்டிட்டே சொன்னாங்க. 'இனிமே அவ உனக்கு நாத்தனார். தாய்னு ஒரு தடவைகூட வாயைத் திறக்காதே. பிள்ளை ரெண்டாக் கிழிஞ்சுடும்.' திறக்கல.

கைருல்லா: தெரியும்.

ஜவுரேஷ்: தெரியாது உங்களுக்கு. தெமிர் பொறந்து பேச ஆரம்பிச்சான். அவன் என் ஒரு கையைப் பிடிச்சுட்டு அம்மாங்கறான். அவ இன்னொரு கையைப் பிடிச்சுட்டு அண்ணிங்கறா. ரெண்டு கையும் ஒரே உடம்புலதான் இருந்துச்சு. ஒரு தடவை சைக்கிள்லேருந்து விழுந்தாளே, நெத்தி கிழிஞ்சு... ஓடினேன். ஆஸ்பத்திரிக்காரி 'யாரும்மா இந்தப் பிள்ளைக்கு நீங்க?'ன்னா. வாய் வரைக்கும் வந்துடுச்சு. நீங்க என்ன பண்ணீங்க, ஞாபகம் இருக்கா?

கைருல்லா: உன் கையைப் பிடிச்சேன்.

ஜவுரேஷ்: அழுத்தினீங்க. எலும்பு நொறுங்கற மாதிரி. 'அண்ணி'ன்னு நீங்களே பதில் சொன்னீங்க.

கைருல்லா: அம்மா பின்னாடியே நின்னுட்டு இருந்தா, ஜவுரேஷ்.

ஜவுரேஷ்: அத்தை எப்பவுமே பின்னாடிதான் நிக்கறாங்க. இப்ப நான் முன்னாடி போகப் போறேன். அதான் தோட்டம் முதல்ல. தோலேகன் முன்னாடி போய் நிக்கணும். சொல்லணும். சொல்லிட்டுத்தான் அல்மாத்திக்கு அவ அறைக்குப் போவேன். கையை வீசிட்டுப் போய் அங்க டீ குடிக்க மாட்டேன்.

கைருல்லா: ...

ஜவுரேஷ்: இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருந்தா என்ன அர்த்தம்? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க.

கைருல்லா: யோசிக்கறேன்.

ஜவுரேஷ்: இருபத்துநாலு வருஷமா யோசிக்கறீங்க.

கைருல்லா: சொல்லுவியா?

ஜவுரேஷ்: என்னது?

கைருல்லா: அந்த மனுஷன் எதிர்ல உக்காந்திருப்பாரு. அவர் பெண்டாட்டி இருப்பா. அண்ணன் தம்பிங்க யாராவது இருப்பாங்க. நம்ம பக்கம் நாம ரெண்டே பேர். அத்தனை பேர் முன்னாடி... சொல்லுவியா?

ஜவுரேஷ்: சொல்லுவேன்.

கைருல்லா: சொல்லு.

ஜவுரேஷ்: அங்க சொல்லுவேன்.

கைருல்லா: இங்க சொல்லு, இப்ப. நான்தான் தோலேகன்னு வச்சுக்கோ. 'யாரும்மா நீங்க? பொண்ணுக்கு என்ன வேணும்?'

ஜவுரேஷ்: என்ன இது, பள்ளிக்கூடப் பரீட்சையா?

கைருல்லா: பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?

ஜவுரேஷ்: நான்... அக்போதாவுக்கு... நான் வந்து...

கைருல்லா: ம்.

ஜவுரேஷ்: அண்... ச்சே!

கைருல்லா: பரவால்ல. மறுபடி.

ஜவுரேஷ்: என் மூஞ்சியைப் பாக்காதீங்க. ஜன்னல் பக்கம் திரும்புங்க.

கைருல்லா: திரும்பிட்டேன்.

ஜவுரேஷ்: நான் அவளோட...

கைருல்லா: காத்து அடிக்குது பாரு வெளியில. நீனா பெத்ரோவ்னா துணியெல்லாம் பறக்குது.

ஜவுரேஷ்: பேச்சை மாத்தாதீங்க. என்னால முடியும். டீயைக் குடுங்க.

கைருல்லா: ஆறிடுச்சு. வேற ஊத்தறேன்.

ஜவுரேஷ்: ஆறினதே குடுங்க. உங்களுக்கு என்ன? நீங்க சொல்றது சுலபம். அந்தப் பட்டியல்ல உங்க பேருக்கு ஒரு இடமாவது காலியா இருக்கு. என் பேரு அதுல எப்பவுமே வராது. பாட்டன் பூட்டன் எல்லாம் ஆம்பளைங்க. அவங்களைப் பெத்தவளுங்க யாருன்னு போரன்பைக்கே தெரியுமோ என்னவோ.

கைருல்லா: போன் அடிக்குது.

ஜவுரேஷ்: அவதான். எடுங்க. சத்தமா வைங்க.

அக்போதா: அண்ணி, முடிஞ்சது. துர்கென்ல மாடி அறை, ஜன்னலைத் திறந்தா அருவி சத்தம் கேக்கும். வெள்ளி விழா ஜோடின்னு சொன்னேன், மேஜையில பூ வைக்கறாங்களாம்.

ஜவுரேஷ்: அக்போதா.

அக்போதா: என்ன அண்ணி?

ஜவுரேஷ்: சன்ஜார் எப்படி இருக்கான்?

அக்போதா: ...

ஜவுரேஷ்: இருக்கியா?

அக்போதா: இருக்கேன்... அண்ணா பக்கத்துல இருக்காரா?

கைருல்லா: இருக்கேன்மா.

அக்போதா: யாரு சொன்னா உங்களுக்கு?

ஜவுரேஷ்: அவனேதான். திட்டாதே அவனை.

அக்போதா: அவன்கிட்ட எவ்வளவு தடவை சொன்னேன்... அண்ணி, நல்லாக் கேளுங்க. நீங்க எதுக்குத் தஸ்புலாக் தஸ்புலாக்னு நிக்கறீங்கன்னு இப்பப் புரியுது. வேண்டாம். போகாதீங்க.

ஜவுரேஷ்: கணக்கு தப்பு, அக்போதா. ஒரு தலைமுறை விட்டுப்போச்சு.

அக்போதா: எனக்குத் தெரியும்.

ஜவுரேஷ்: என்ன தெரியும்?

அக்போதா: தப்புன்னு தெரியும். நான் யாரு பிள்ளைன்னு யாரும் சொல்லாமலே சின்னதுலயே புரிஞ்சுடுச்சு. தோலேகன் கேட்ட அன்னிக்கே தெரியும். ஏழாவது பேரைச் சொல்லி முடிச்சதும் அவர் முகம் மாறுச்சு. அப்பவே எனக்கு உள்ள ஓடிடுச்சு. முகானுக்கு முன்னாடி கைருல்லான்னு ஒரு வார்த்தை சேத்தா எட்டு. ஒரே வார்த்தை. நாக்கு நுனியில இருந்துச்சு.

கைருல்லா: சொல்லியிருக்கலாமே...

அக்போதா: எப்படி அண்ணா? அந்த ஏழு பேரையும் எனக்கு யாரு சொல்லிக் குடுத்தது? அப்பாதான். குதிரை வண்டியில முன்னாடி உக்கார வச்சுட்டு, 'உன் அப்பன் முகான்'னு ஆரம்பிப்பாரு. ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்றப்ப என் தலையில தட்டுவாரு. அவரு செத்து ரெண்டு வருஷம்கூட ஆகல. ஒரு பையனைக் கட்டிக்கறதுக்காக அவரை அப்பா இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது? அம்மா இருக்கா. கீழ உக்காந்து லோட்டோ ஆடிட்டு இருக்கா. நான் அவ பிள்ளை இல்லைன்னு ஊரான் வீட்ல போய்ச் சொல்லிட்டு, அப்புறம் அவ மூஞ்சியில எப்படி முழிக்கறது? எனக்கு வேண்டாம் அண்ணி. நான் முடிவு பண்ணிட்டேன்.

ஜவுரேஷ்: நீ முடிவு பண்ணிட்டே. சரி. நானும் பண்ணிட்டேன்.

அக்போதா: அண்ணி, பிடிவாதம் பிடிக்காதீங்க!

ஜவுரேஷ்: இந்தப் பிடிவாதம் உனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சே? கேளு. யாரையும் இல்லைன்னு சொல்ல வேண்டாம். உன் அப்பா முகான் அந்தப் பட்டியல்ல அப்படியேதான் இருப்பாரு. நடுவுல ஒருத்தர் வந்து உக்காரப் போறாரு, அவ்வளவுதான். முகான் கொஞ்சம் தள்ளி உக்காருவாரு. அவரு தள்ளி உக்காராத மனுஷனா? பஸ்ல, தானே கிழவனா இருந்தும், சின்னப் பிள்ளைங்களுக்கு எழுந்து இடம் குடுப்பாரு.

அக்போதா: ...ஆமா. குடுப்பாரு.

ஜவுரேஷ்: நீ சொல்ல வேண்டாம். நீ சொன்னா அது அறுக்கறது. நான் சொன்னா அது சேக்கறது. அதனால நான்தான் சொல்லணும். நீ அந்தத் தோட்டத்துப் பக்கமே வர வேண்டாம். ஆபீஸ்ல உக்காந்து வேலையைப் பாரு.

அக்போதா: அம்மாகிட்ட?

ஜவுரேஷ்: சொல்லிட்டுத்தான் போவேன். சேத்துக் குளியல்னு பொய் சொல்லிட்டுப் போக மாட்டேன். லோட்டோ ஆடிட்டு மேல வரட்டும். டீயை ஊத்தி முன்னாடி வச்சுட்டுச் சொல்றேன்.

அக்போதா: அவ மனசு உடைஞ்சுடும்.

ஜவுரேஷ்: உடையும். பக்கத்துல நான் இருப்பேன். ஒரு வாரம் என்கிட்ட பேச மாட்டாங்க. என் கையால சாப்பிட மாட்டாங்க. சமைச்சு வச்சுட்டே இருப்பேன். எனக்கும் ஒருத்தங்க பக்கத்துல உக்காந்துதான் இலை வச்சுக் கட்டினாங்க. அதை நான் மறக்கல.

அக்போதா: அம்மா ஒத்துக்கலைன்னா?

ஜவுரேஷ்: நான் அனுமதி கேக்கப் போறேன்னு யாரு சொன்னது? சொல்லப் போறேன்.

அக்போதா: அண்ணா... நீங்க ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க? உங்களுக்குச் சம்மதமா இது?

கைருல்லா: அண்ணி பேசட்டும்.

ஜவுரேஷ்: அவரை விடு. அவரு வந்தா வரட்டும். வரலைன்னா நான் தனியா ரயில் ஏறிடுவேன். ஜோடி அறையில ஒண்டியாத் தூங்கிக்கறேன். தர்பூசணி ஒண்ணு வாங்கிக்கறேன் துணைக்கு.

அக்போதா: (சிரிப்பு) அண்ணி...

ஜவுரேஷ்: அழறியா சிரிக்கறியா?

அக்போதா: தெரியல. அண்ணி, தோலேகன் சாதாரண ஆள் இல்ல. ரொம்பக் கறார். ஒரு கொடியில பூச்சி விழுந்தா அந்த வரிசையையே பிடுங்கற மனுஷன். நீங்க போய் நின்னதும் மூஞ்சிக்கு நேராக் கேப்பாரு. 'கல்யாணம் ஆகணும்னு இப்ப ஒரு கதையோட வந்தீங்களா? பேப்பர்ல வேற மாதிரி இருக்கே'ன்னு. நீங்க யாருகிட்டயும் எதிர்த்துப் பேசினதே இல்ல. வாசல்ல நிக்க வச்சு, 'யாரு நீங்க?'ன்னா என்ன சொல்வீங்க?

ஜவுரேஷ்: என்ன சொல்வேன்... இவளோட அம்மான்னு சொல்வேன். பெத்தவ நான்தான்னு சொல்வேன். பேப்பரை மடிச்சு உள்ள வைங்க, ஒரு ராத்திரி ஒரு பகல் நான் கத்தினது அந்தப் பேப்பர்ல இருக்கான்னு கேப்பேன்!

கைருல்லா: வந்துடுச்சு.

ஜவுரேஷ்: என்ன வந்துடுச்சு?

கைருல்லா: அந்த வார்த்தை. வந்துடுச்சு உனக்கு.

அக்போதா: ...இன்னொரு தடவை சொல்லுங்க.

ஜவுரேஷ்: அங்க போய்ச் சொல்றேன். வீணாக்கக் கூடாது... ஏங்க, ஏன் அழறீங்க? இந்த மனுஷன் மாமா செத்தப்பகூட அழல! என்ன ஆச்சு? அத்தையை நெனச்சுப் பயமா? போகக் கூடாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் எப்படியும் போவேன்.

அக்போதா: அண்ணா? என்ன அண்ணா?

கைருல்லா: போகக் கூடாதுன்னா சொல்றேன்... போன மாசம் அல்மாத்திக்கு வண்டி ஓட்டிட்டு வந்தப்ப உன் அறைக்கு வந்தேன், அக்போதா. நீ இல்ல. உன்கூடத் தங்கியிருக்கிற பொண்ணு எல்லாத்தையும் சொல்லிட்டா. அன்னிக்கே தஸ்புலாக் போய்ட்டேன். அந்த வால்நட் மரத்தடியில உக்காந்து, 'நான்தான் அவ அப்பன்'னு தோலேகன்கிட்ட சொன்னேன். அவரு ஒரு கிளாஸ் ஊத்தி என் முன்னாடி வச்சுட்டு, 'பொண்ணு கரையேறணும்னா எந்த ஆம்பளையும் அப்பன்னு வந்து நிப்பான். பெத்தவளைக் கூட்டிட்டு வாங்க, அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், மறுநாளே தோடு எடுத்துட்டு வர்றோம்'னாரு. அந்த வாயை அடைச்சு வச்சவனே நான்தானே, ஜவுரேஷ்... அதைத் திறன்னு உன்கிட்ட எந்த மூஞ்சியோட கேக்கறது? அதான் வீட்டுக்கு வந்து, வெள்ளி விழா வருது, திராட்சை பழுக்கற சமயம், ரெண்டு பேரும் எங்கயாவது போய்ட்டு வரலாம்னு சொன்னேன்.